குதிரையிலிருந்து விழுந்தவர் பெயர் என்ன?

எங்கள் ஊர்க் கிளை நூலக மாடியில், படம் போடுவதற்கு முன்னால் பேசியது. பேசியபடியே எழுதியிருக்கிறேன், இருமலை மட்டும் எடுத்துவிட்டேன்.

அவைத் தலைவர் டாக்டர் ஐயா அவர்களே, எத்தனையோ வேலைகளுக்கு நடுவே நேரத்துக்கு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அம்மா அவர்களே, இந்த மாடியை நமக்குத் திறந்துவிட்ட நூலகர் அவர்களே, புரொஜெக்டரைக் கடன் கொடுத்ததோடு அதை இயக்க ஒரு மாணவத் தம்பியையும் அனுப்பி வைத்த மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் அவர்களே, வரவேற்புரையில் என்னைத் "திரைக்கடல்" என்று அழைத்த செயலாளர் தம்பி அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, பின்வரிசையில் சுண்டல் பொட்டலத்தைச் சத்தமில்லாமல் பிரிக்க முயலும் இளைஞர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

கடல் என்றால் உப்பு இருக்கும். எனக்கு உப்பைக் குறைக்கச் சொல்லி டாக்டர் ஐயா கட்டளை போட்டு இரண்டு வருஷமாகிறது. ஆகவே அந்தப் பட்டத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். நான் தபால் துறையில் 34 வருஷம் கடிதம் பிரித்தவன். அவ்வளவுதான்.

நகர்மன்றத் தலைவர் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போனால் நன்றி கெட்டவன் ஆவேன். போன கூட்டத்தில் இந்த மாடிப்படி இருட்டாக இருக்கிறது என்று சொன்னோம். இன்று ஏறி வரும்போது பார்த்திருப்பீர்கள், விளக்கு எரிகிறது. சொன்னதைச் செய்கிறவர்களைக் கைதட்டிப் பாராட்ட வேண்டும். தட்டுங்கள். நன்றி. மூன்றாவது படி கொஞ்சம் ஆடுகிறது, அம்மா. அதையும் இந்த மேடையிலேயே சொல்லிவைக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மூன்று செய்திகள் சொல்லப் போகிறேன். ஒன்று, இன்று பார்க்கப் போகும் படம். இரண்டு, அந்தப் படத்தில் வரும் வண்டி. மூன்று, இந்த மாதிரிக் குதிரைப் படங்களின் இசை.

படத்தின் பெயர் "அப்பாச்சி வார் ஸ்மோக்". 1952-ல் எம்.ஜி.எம். என்ற அமெரிக்கக் கம்பெனி எடுத்தது. தொடக்கத்தில் கம்பெனி முத்திரையான சிங்கம் கர்ஜிக்கும், அதைப் பார்த்துப் பெரிய படம் என்று ஏமாந்துவிடாதீர்கள். பெரிய கம்பெனியின் சின்னப் படம். கறுப்பு வெள்ளை. மொத்தமே 67 நிமிடம். நம் ஊரில் சில படங்களில் கதாநாயகன் அறிமுகமாகி ஒரு பாட்டுப் பாடி ஒரு சண்டை போட்டு முடிப்பதற்குள் அந்த நேரம் ஆகிவிடும். அமெரிக்காவில் அப்போது ஒரே டிக்கெட்டில் இரண்டு படம் காட்டுவார்கள். ஒன்று பெரிய நட்சத்திரங்களின் படம், அதற்குத் துணையாக ஓட இப்படிப்பட்ட ஒரு சிக்கனப் படம். அதைப் பி படம் என்பார்கள். இயக்குநர் ஹெரால்ட் கிரெஸ் அடிப்படையில் ஒரு எடிட்டர். படத்தொகுப்புக்காகவே பின்னாளில் இரண்டு ஆஸ்கர் வாங்கியவர். கத்தரிக்கோல் பிடித்த கை என்பதால் படத்தில் ஊளைச்சதை கிடையாது.

கதை இவ்வளவுதான். பாலைவனத்தில் குதிரை மாற்றும் சாவடி ஒன்று. ஸ்டேஜ்கோச் என்கிற குதிரை வண்டியில் வந்த பயணிகள் அங்கே மாட்டிக்கொள்கிறார்கள். வெளியே அப்பாச்சிகள், அமெரிக்கப் பூர்வகுடிகளில் ஒரு இனத்தவர். தங்கள் ஆட்களைக் கொன்ற வெள்ளைக்காரனை ஒப்படைக்கச் சொல்கிறார்கள். யார் அவன்? எல்லோருடைய சந்தேகமும் பேசோ என்கிற கொள்ளைக்காரன் மேல் விழுகிறது. பேசோவாக கில்பர்ட் ரோலண்ட் நடித்திருக்கிறார், மீசையைப் பார்த்தாலே டிக்கெட் காசு வசூலாகிவிடும். முடிவைச் சொல்ல மாட்டேன். சொன்னால் செயலாளர் தம்பி அடுத்த கூட்டத்துக்கு என்னைக் கூப்பிட மாட்டார்.

எர்னஸ்ட் ஹேகாக்ஸ் என்பவர் எழுதிய சிறுகதை இது. பத்து வருஷத்துக்கு முன்னாலேயே, 1942-ல், இதே கதையை "அப்பாச்சி டிரெயில்" என்று இதே கம்பெனி ஒரு தடவை எடுத்துவிட்டது. பழைய சாதத்தை மறுபடி தாளித்திருக்கிறார்கள். பழைய சாதத்துக்கு ஒரு ருசி உண்டு, அதை நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டுமா?

இந்தச் சின்னப் படத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு நம் படக் கழகத்திலேயே சிலருக்கு வருத்தம். "நல்ல பெரிய படமாகப் போடக்கூடாதா சார்?" என்றார்கள். வள்ளுவர் 667-வது குறளில் பதில் வைத்திருக்கிறார்.

உருவுகண்டு எள்ளாமை வேண்டும் உருள்பெருந்தேர்க்கு
அச்சாணி அன்னார் உடைத்து.

இதையே நம் பாட்டிமார் இன்னும் சுருக்கமாகச் சொன்னார்கள்: அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது. எனக்கு மிகவும் பிடித்த பழமொழி. இன்று இதை இன்னும் ஒன்றிரண்டு தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இனி வண்டி. தபால்காரன் என்பதால் இங்கே கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வேன். ஸ்டேஜ்கோச் என்றதும் அழகான பெண், சூதாடி, குடிகார டாக்டர் (நம் அவைத் தலைவர் மன்னிக்க வேண்டும், படங்களில் அப்படித்தான் வருவார்) என்று பயணிகள்தான் ஞாபகத்துக்கு வருகிறார்கள். ஆனால் அந்த வண்டியை ஓடவைத்தது தபால். 1858 செப்டம்பரில் ஜான் பட்டர்ஃபீல்டின் கம்பெனி செயின்ட் லூயிஸ், மெம்ஃபிஸ் இரண்டு ஊர்களிலிருந்தும் சான் பிரான்சிஸ்கோ வரை கோச் ஓட்டத் தொடங்கியது. வாரம் இரண்டு முறை. சுமார் 2,800 மைல். 25 நாளில் கடிதம் போய்ச் சேர வேண்டும் என்று ஒப்பந்தம். அதற்குத் தபால் இலாகா வருஷத்துக்கு 6 லட்சம் டாலர் கொடுத்தது. பயணி கொடுத்த 200 டாலர் அதற்கு மேல் கிடைத்த சில்லறை. தபால் மூட்டை பயணியின் காலடியில் கிடக்கும். காலை எங்கே வைப்பது என்பது பயணியின் பாடு.

நியூ ஹாம்ப்ஷையர் மாநிலத்தில் கான்கார்ட் என்ற ஊரில் செய்த வண்டிதான் அந்தக் காலத்தில் ராஜா. இரும்பு வில் கிடையாது. கனமான தோல் வார்களின் மேல் வண்டிப்பெட்டி தொங்கும். பள்ளத்தில் இறங்கினால் தூக்கிப் போடாமல் முன்னும் பின்னும் ஆடும். 1861-ல் அப்படி ஒரு வண்டியில் போன மார்க் ட்வைன் அதைச் சக்கரம் வைத்த தொட்டில் என்று எழுதினார். உள்ளே மூன்று பலகை, பலகைக்கு மூவர், ஒன்பது பேர். நடுப்பலகைக்கு முதுகு கிடையாது, ஒரு வார்தான். 25 நாள் அப்படி உட்கார்ந்து போக வேண்டும். நம் ஊரிலிருந்து திருச்சி போகும் பேருந்தில் நடு சீட்டைப் பற்றிக் குறை சொல்கிறவர்கள் கவனிக்கவும்.

ஒரு ரகசியம் சொல்கிறேன். பாலைவனப் பகுதியில் பட்டர்ஃபீல்ட் கம்பெனி அந்த அழகான கான்கார்ட் வண்டியை ஓட்டவில்லை. கித்தான் கூரை போட்ட லேசான வண்டிகளைத்தான் ஓட்டியது, மணலில் கனவண்டி புதைந்துவிடும் என்பதால். சினிமாவில் கித்தான் வண்டி எடுபடாது, ஆகவே கான்கார்ட் ஓடுகிறது.

அந்தப் பாதையில், இன்றைய அரிசோனாவில், அப்பாச்சி பாஸ் என்று ஒரு கணவாய். அங்கே கம்பெனியின் சாவடி ஒன்று இருந்தது, ஏனென்றால் அங்கே ஊற்று இருந்தது. சுற்றிலும் சிரிகாவா அப்பாச்சிகள். தலைவர் கோச்சிஸ். முதல் இரண்டு வருஷம் வண்டிகள் பெரும்பாலும் தொந்தரவில்லாமல் போயின. கோச்சிஸின் ஆட்கள் சாவடிக்கு விறகு கொடுத்ததாகக்கூடச் சொல்வார்கள். 1861-ல் ஒரு பண்ணையிலிருந்து ஒரு சிறுவனையும் மாடுகளையும் யாரோ ஓட்டிக்கொண்டு போனார்கள். பிப்ரவரியில் ஜார்ஜ் பாஸ்கம் என்ற இளம் லெப்டினன்ட் படையோடு கணவாய்க்கு வந்து, கோச்சிஸைத் தன் கூடாரத்துக்கு அழைத்துப் பையனைக் கேட்டார். எங்கள் ஆட்கள் எடுக்கவில்லை, யார் என்று விசாரித்து மீட்டுத் தருகிறேன் என்றார் கோச்சிஸ். லெப்டினன்ட் நம்பவில்லை, பிடித்து வைக்கப் பார்த்தார். கோச்சிஸ் கத்தியால் கூடாரத்தைக் கிழித்துக்கொண்டு ஓடிவிட்டார், கூட வந்த உறவினர்கள் மாட்டிக்கொண்டார்கள். அவர் பதிலுக்குச் சாவடி ஊழியர் ஒருவரையும், வழியில் வந்த வண்டிக்காரர்கள் சிலரையும் பிடித்தார். பேச்சு வார்த்தை நின்றது. அவர் பிடித்தவர்கள் கொல்லப்பட்டார்கள். ராணுவம் கோச்சிஸின் தம்பி உட்பட ஆறு பேரைத் தூக்கில் போட்டது. அப்புறம் 1872 வரை சண்டை.

சிறுவனைத் தூக்கிப் போனது வேறொரு அப்பாச்சிக் கூட்டம். கோச்சிஸ் சொன்னது உண்மை.

இப்போது படத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். படத்தில் அப்பாச்சிகள் சாவடி வாசலில் நின்று, குற்றவாளியைக் கொடு என்கிறார்கள். நடந்த கதையில் அப்படிக் கேட்டது ராணுவம், அதுவும் தப்பான ஆளிடம். கண்ணாடியில் பார்ப்பது போல இடம் வலமாக மாறியிருக்கிறது. அந்தக் காலப் படத்தில் அப்பாச்சிகள் பக்கம் ஒரு நியாயம் வைத்ததே பெரிய காரியம்தான். ஆனால் அந்த வகைப் படங்களில் ஒரு பழக்கம் உண்டு. வண்டிக்குள் இருக்கிறவர்களுக்கு ஆளுக்கொரு பெயர், ஊர், கடந்த காலம். வெளியே குதிரையில் இருக்கிறவர்களுக்கு ஒன்றும் கிடையாது. அவர்கள் கூட்டம். கத்துவார்கள், விழுவார்கள்.

இதே ஹேகாக்ஸின் இன்னொரு கதையைத்தான் ஜான் ஃபோர்ட் 1939-ல் "ஸ்டேஜ்கோச்" என்று எடுத்தார். அதில் ஒரு தந்தி வருகிறது. ஒரே ஒரு சொல் வந்ததும் கம்பி அறுந்துவிடுகிறது. அந்தச் சொல் "ஜெரோனிமோ". கொட்டகையே நடுங்கும். ராணுவத்தை எதிர்த்துப் போரிட்ட அப்பாச்சி வீரர். வெளியே இருக்கிற அந்தக் கூட்டத்தில் ஒருவருக்காவது பெயர் இருக்கிறது. ஆனால் அது அவர் பெயரே இல்லை. மெக்சிகோக்காரர்கள் கூப்பிட்டது. அவர் பெயர் கோயாத்லே, கொட்டாவி விடுகிறவர் என்று பொருள். 1886-ல் சரணடைந்த பிறகு 1909-ல் சாகும்வரை போர்க்கைதி. 1904-ல் செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியில் அந்தக் கைதியைக் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். அவர் தன் கையெழுத்தைப் போட்டுக் காசுக்கு விற்றார். எந்தப் பெயரை? இவர்கள் வைத்த பெயரை.

ஃபோர்டின் படத்தில் அப்பாச்சிகளாக வந்தவர்களில் பலர் அப்பாச்சிகளும் இல்லை. மான்யுமென்ட் வேலியில் எடுத்தார்கள், அது நவாஹோ என்ற இன்னொரு பூர்வகுடி இனத்தின் நிலம், நவாஹோக்களே வேஷம் போட்டார்கள். 1864-ல் அந்த நவாஹோக்களை ராணுவம் நூற்றுக்கணக்கான மைல் நடக்கவைத்துக் கொண்டுபோய்ப் போஸ்க் ரெடோண்டோ என்ற பொட்டல் முகாமில் அடைத்தது. 1868-ல்தான் ஊர் திரும்பினார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் ராணுவத்தின் குண்டுக்கு விழுவதாக நடித்து நாள் கூலி வாங்கினார்கள். இதைச் சொல்லும்போது எனக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று புரிவதில்லை.

அந்தப் படத்தின் துரத்தல் காட்சி உலகப் பிரசித்தம். ஒரு அப்பாச்சி வீரன் தன் குதிரையிலிருந்து வண்டியின் முன்குதிரை மேல் தாவுகிறான். சுடப்படுகிறான். குதிரைகளுக்கு நடுவே தொங்கி, தரையில் இழுபட்டு, கையை விடுகிறான். அத்தனை குளம்பும் நான்கு சக்கரமும் அவன் மேல் கடந்து போகின்றன. கம்ப்யூட்டர் இல்லை, பொம்மை இல்லை. செய்தவர் யாகிமா கனுட், ரோடியோ என்கிற முரட்டுக் குதிரைச் சவாரிப் பந்தயங்களில் பேர் வாங்கிய வெள்ளைக்காரர். அதே படத்தில் கதாநாயகன் ஜான் வேனுக்காகக் குதிரைகள் மேல் தாவியவரும் அவரே. அதாவது தன்னைத் தானே துரத்தியிருக்கிறார்! படத்தின் டைட்டிலில் அவர் பெயர் கிடையாது. 1967-ல், எல்லாம் முடிந்து, கௌரவ ஆஸ்கர் கொடுத்தார்கள். 28 வருஷம் தாமதம். எங்கள் இலாகாவில்கூட அவ்வளவு தாமதமாகக் கடிதம் கொடுத்ததில்லை.

அந்தச் செவ்விந்தியர்கள் ஏன் முதலிலேயே குதிரைகளைச் சுடவில்லை என்று ஃபோர்டைக் கேட்டார்களாம். சுட்டிருந்தால் படம் அங்கேயே முடிந்திருக்குமே என்றாராம். ஐயா, குதிரையைச் சுட்டால் மட்டுமா முடியும்? கனுட் அன்றைக்குக் காய்ச்சல் என்று படுத்திருந்தாலும் முடிந்திருக்கும். அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது.

இங்கே என் சொந்தக் கதை ஒன்று. எனக்குப் பன்னிரண்டு வயது. எங்கள் ஊரில் டூரிங் டாக்கீஸ். தரை டிக்கெட்டில் மணலைக் குவித்து உட்கார்ந்தால் அதுதான் சோபா. வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை, தமிழ்ப் படப் பெட்டி வந்து சேராத நாளில், இங்கிலீஷ் குதிரைப் படம் போடுவார்கள். வசனம் யாருக்கும் புரியாது என்பதால் முறுக்கு விற்கிறவரே மைக்கைப் பிடித்துக் கதை சொல்வார். அவருக்கும் இங்கிலீஷ் தெரியாது. "இப்போ கதாநாயகன் காணாமப் போன தன் தங்கச்சியைக் கண்டுபிடிச்சிட்டான்" என்பார். அடுத்த நிமிஷம் கதாநாயகன் அந்தத் தங்கச்சிக்கு முத்தம் கொடுப்பான். கொட்டகை அலறும். உடனே மைக்கில் திருத்தம் வரும்: "மன்னிக்கணும், மாமன் மகள்."

அன்று அதற்கு மேல் ஒன்று நடந்தது. இடைவேளைக்கு அப்புறம் ஆபரேட்டர் ரீலை மாற்றிப் போட்டுவிட்டார். முதல் பாதியில் செத்தவர்கள் எல்லாம் எழுந்து குதிரையில் வருகிறார்கள். என் பக்கத்தில் ஒரு பாட்டி, "இந்தப் பிள்ளை இப்பத்தானே விழுந்தான், மறுபடி வந்துட்டானே, மகராசனுக்குச் சாவே கிடையாதா?" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். முறுக்குக்காரர் விடுவாரா? "சஞ்சீவி மூலிகை" என்றார் மைக்கில்.

என் மறுபக்கம் எங்கள் தெருக்காரர் ஒருவர் இருந்தார். குதிரைக்காரர் என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். கோடம்பாக்கத்தில் குதிரையிலிருந்து விழுகிற வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்தவர். இடது மணிக்கட்டு ஒரு பக்கமாகத் திரும்பியே இருக்கும். அவர் சிரிக்கவில்லை. "எண்ணுடா" என்றார். "எதை மாமா?" "நெத்தியில வெள்ளை போட்ட குதிரையை." எண்ணினேன். நான்கு தடவை அந்தக் குதிரையிலிருந்து ஆள் விழுகிறான். "நாலும் ஒரே ஆள்தான். மூணு தடவை வலது தோளைக் கொடுத்து விழுந்தான். கடைசித் தடவை இடது தோளைக் கொடுக்கிறான் பாரு. வலது போச்சு."

அதற்குப் பிறகு எந்தக் குதிரைப் படத்திலும் என்னால் கதாநாயகனைப் பார்க்க முடியவில்லை.

குதிரைக்காரர் விழுந்த தமிழ்ப் படம் ஒன்றும் பின்னால் எங்கள் கொட்டகைக்கு வந்தது. மனைவியை, அம்மாவை, மைத்துனரை, எல்லோரையும் பெஞ்சு டிக்கெட்டில் கூட்டிப் போனார். கதாநாயகன் கோட்டைக்குள் நுழையும் சண்டை. தூசி. ஒரு சிப்பாய் குதிரையோடு கவிழ்கிறான். "அதோ, அதோ, நான்தான்!" என்று எழுந்து நின்று கத்தினார். பின்னால் இருந்தவர்கள் உட்காரச் சொல்லித் திட்டினார்கள். அவர் மனைவி திரையைப் பார்த்தபடியே சொன்னார்: "முதுகுதானே தெரியுது. எந்த முதுகுல பேரு எழுதியிருக்கு?"

படம் முடிந்து அவர் தனியாக முன்னால் நடந்து போனார். அன்று இரவு அவர் சைக்கிளை நான்தான் வீடுவரை உருட்டிக்கொண்டு வந்தேன்.

இங்கே உட்கார்ந்திருக்கிறவர்களில் பாதிப் பேருக்கு நான் எங்கே வருகிறேன் என்று தெரியும். ஆமாம், கையெழுத்து இயக்கம்தான். எதைப் பேசினாலும் இதில் கொண்டுவந்து முடிக்கிறேன் என்று வீட்டில்கூடக் குறை. போன மாதம் ஒரு திருமண வாழ்த்துரையிலும் பேசிவிட்டேன், மணமகன் வீட்டார் பெருந்தன்மையாக நடந்துகொண்டார்கள். கோரிக்கை சின்னது. ஒரு படத்தில் ஒரே ஒரு நாள் கேமரா முன்னால் நின்றவர் ஆனாலும், துணை நடிகரோ, ஸ்டன்ட் கலைஞரோ, டூப்போ, கூட்டத்தில் ஒருவரோ, அவர் பெயர் படத்தின் முடிவில் ஓட வேண்டும். பிலிம் காலத்தில் செலவு என்றார்கள், ஒத்துக்கொள்கிறேன். இப்போது என்ன செலவு? எழுத்து கீழேயிருந்து மேலே போகிறது, அவ்வளவுதானே. சாப்பாடு கொடுத்தவர், வீடு வாடகைக்குக் கொடுத்தவர், கேரவன் அனுப்பியவர் எல்லோருக்கும் நன்றி அட்டை போடுகிறோம். போடட்டும். எலும்பு முறிந்தவர் பெயரை எந்த வரியிலும் காணோமே? சம்பளப் பட்டியலில் பெயர் இருக்கிறது, பேட்டா வாங்கக் கையெழுத்து வாங்குகிறார்கள். அந்தப் பட்டியலை அப்படியே ஓடவிட்டால் போதும்.

தலைவர் துண்டுச் சீட்டு அனுப்பியிருக்கிறார். "ஐந்து நிமிடம்" என்று எழுதியிருக்கிறது. டாக்டர் கையெழுத்து என்பதால் அதை ஐம்பது என்றும் படிக்கலாம். பயப்படாதீர்கள்.

ஒன்றே ஒன்று. நாம் பார்க்கப் போகும் படம் வந்த அதே 1952-ல், குதிரைப் படங்களில் நடித்துப் பேர் வாங்கிய ராட் கேமரூன் என்ற ஹாலிவுட் நடிகர் நடித்து, சேலத்தில் எடுத்த ஒரு படம் வெளிவந்தது. மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரமும், தமிழ்ப் படங்களை இயக்கிய அமெரிக்கர் எல்லிஸ் ஆர். டங்கனும் சேர்ந்த முயற்சி. இங்கிலீஷில் "தி ஜங்கிள்", தமிழில் "காடு". அதுவும் சிக்கனப் படம்தான். இயக்கிய வில்லியம் பெர்க் அந்த மாதிரி படங்களை மளமளவென்று எடுத்துக் கைதேர்ந்தவர். கதையில் மாமூத் என்கிற அந்தக் காலத்து முடி யானைகள் வர வேண்டும். என்ன செய்தார்கள்? நம் யானைகளுக்கு ரோமத்தைப் போர்த்தி நடக்கவிட்டார்கள்! வெயிலில் போர்வையோடு நிற்கச் சொன்னால் யானை சும்மா நிற்குமா? காதருகே நின்று பேசி நிற்கவைத்த பாகன் இல்லாமல் அந்தக் காட்சி ஏது? அச்சாணி இல்லாத தேர்... பாருங்கள், நீங்களே முடித்துவிட்டீர்கள். தலைமையாசிரியர் ஐயாவின் குரல்தான் உரக்கக் கேட்டது.

இரண்டாவது சீட்டு வந்துவிட்டது. இதில் எழுத்து தெளிவாகவே இருக்கிறது. இசையைப் பற்றிப் பேசுவதாகச் சொன்னேன், அதை அடுத்த கூட்டத்தில் கேளுங்கள்.

வாசல் மேஜையில் நீல அட்டை போட்ட நோட்டு இருக்கிறது. படம் முடிந்து போகும்போது கையெழுத்துப் போடுங்கள், சொந்தப் பெயரை, முழுதாக, இனிஷியலோடு. பேனாவை நூலில் கட்டி வைத்திருக்கிறேன், தபால் ஆபீஸ் பழக்கம். எழுதவில்லை என்றால் இரண்டு உதறு உதறுங்கள். நகர்மன்றத் தலைவர் அம்மா முதல் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இறங்கும்போது அந்த மூன்றாவது படி, ஞாபகம் இருக்கட்டும்.

தம்பி, விளக்கை அணைக்கலாம். டைட்டில் ஓடும்போது யாரும் பேச வேண்டாம், படியுங்கள். குதிரைகள் வரும்போது எண்ணுங்கள். நன்றி, வணக்கம்.